பைகன் அண்ட் எக்ஸ்

அல்சூர் மார்க்கெட்டில் யாராவது உங்களைக் கத்திரிக்காய் என்று கூப்பிட்டால் முதல் நாள் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். மறுநாள் சிரிப்பு பாதியில் நிற்கும். பச்சைமுத்துவை ஒரு மாமாங்கம் அப்படிக் கூப்பிட்டார்கள். தமிழில் கூப்பிட்டிருந்தாலாவது திருப்பித் திட்டத் தோதாக இருந்திருக்கும். பஜார் உருதில் 'பைகன்' என்றார்கள். காய்கறிக்காரன், சைக்கிள் கடைக்காரன், ஏரிக்கரையில் துணி துவைக்கிறவர்கள், கடைசியில் அவர் மகள் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும். அவருக்குத் தாத்தாவின் பேரை வைத்திருந்தார்கள். அந்தப் பேர் எங்கே போயிற்று என்று கேட்க ஒரு ஆளில்லை.

பேர் போன கதைதான் இது. அதை அவர் பிடுங்கிக்கொண்டு வந்த கதையும்.

பச்சைமுத்துவின் அப்பா கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்து மெஸ்ஸில் தட்டு கழுவினவர். யுத்த காலத்தில் மகனையும் அதே தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். நாற்பத்தேழில் பட்டாளம் மூட்டை கட்டியது. மெஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். பச்சைமுத்துவுக்கு எல்ம்வுட் ஹவுஸ் என்ற விடுதியில், மேஜைக்குத் தட்டு தூக்குகிற பேரர் வேலை கிடைத்தது. பெரிய காம்பவுண்டு, மழைமரங்கள், ஓடு போட்ட நீள வராந்தா. ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லாத கிழட்டுத் துரைகளும் துரைசானிகளும் அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். புதிதாக வந்த தொழிற்சாலைகளுக்கு யந்திரம் மாட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டு எஞ்சினியர்களும், பாதிரிமார்களும் வந்து போனார்கள். பேரருக்கு வெள்ளை உடுப்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் விசிறி வைத்த முண்டாசு. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது, அந்த முண்டாசுக்கு வரவில்லை.

துரைகள் வாயில் பச்சைமுத்து நுழையவில்லை என்று பேரை முத்து என்று வெட்டினார்கள். அதை அவர் பொருட்படுத்தவில்லை. வெட்டினாலும் மிச்சம் இருந்தது தன் பேரில் ஒரு துண்டுதானே.

விடுதிக்கு மானேஜர் டென்சில். ஆங்கிலோ இந்தியர். கண்டோன்மென்ட்டிலேயே பிறந்து, தமிழ் ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவர். சமையல்கட்டுக்குள் வந்தால் அல்சூர்க்காரன் தோற்கிற மாதிரி தமிழ் பேசுவார். சாப்பாட்டு ஹாலின் கதவைத் தாண்டினால் அந்தத் தமிழ் எங்கே போய் ஒளியுமோ தெரியாது, ஒரு சொல் வெளியே வராது. அவருடைய இங்கிலீஷையும் சில துரைசானிகள் முதுகுக்குப் பின்னால் பேசிக்காட்டிச் சிரிப்பது உண்டு. அது டென்சிலுக்குத் தெரியும். தெரிந்ததால்தான், தனக்குக் கீழே வைத்துச் சிரிக்க எப்போதும் ஒரு ஆள் தயாராக இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டார்.

வேலையில் சேர்ந்த அன்றே பச்சைமுத்துவுக்கு அவர் ஒரு சட்டம் சொன்னார்.

"துரை ஒரு தபா தான் சொல்லுவார். காது வச்சிக் கேளு. 'வாட் சார்'னு ரெண்டாந்தபா கேட்டியானா, உங்க இங்கிலீஷ் சரியில்லேன்னு அவர் மூஞ்சிக்கே சொல்ற மாதிரி. அந்தத் தைரியம் உனக்கு வேணாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

எந்த இங்கிலீஷைக் காது வைத்துக் கேட்பது என்பதை டென்சில் சொல்லவில்லை.

அந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் அதே ரொட்டி, அதே வெண்ணெய். வாய்தான் வேறு. யார்க்ஷயர் பக்கத்திலிருந்து வந்த எஞ்சினியர் பட்டரை 'புட்டர்' என்றார், பன்னை 'புன்' என்றார். சமையற்காரர் ஆதிகேசவன் அதைக் கேட்டுவிட்டு, "புட்டவா? கன்னடத்திலே சின்னதுன்னு அர்த்தம்பா. ரொட்டியைச் சின்னதா வெட்டச் சொல்றாரோ என்னவோ" என்றார். அமெரிக்கப் பாதிரியாரின் மனைவி தக்காளியை 'டொமேடோ' என்பாள். ஆம்லெட்டில் கொஞ்சம் 'அர்ப்ஸ்' போடச் சொன்னாள். இங்கிலீஷ்காரர்கள் ஹெர்ப்ஸ் என்று சொல்கிற பச்சிலைச் சமாசாரம்தான் அது, அவள் ஊரில் முதல் எழுத்தை முழுங்கிவிடுவார்களாம். "அர்ப்ஸுன்னா அரபு நாட்டுச் சரக்கா?" என்று முறைத்தபடி ஆதிகேசவன் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டார். நல்லவேளை, அதுவே சரியாகப் போயிற்று.

சாயங்கால டீக்கு ஒருவகை ரொட்டி சுடுவார்கள். ஸ்காட்லாந்துக் கிழவி ஒருத்தி அதை 'ஸ்கான்' என்பாள். லண்டன் பக்கத்து அம்மாள் ஒருத்தி 'ஸ்கோன்' என்பாள். இரண்டு பேரும் அதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். சுற்றிலும் உள்ளவர்கள் கட்சி கட்டுவார்கள், கைதட்டுவார்கள். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் புரியாவிட்டால் 'பார்டன்?' என்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். அதில் யாருக்கும் மானம் போகவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அது ஊர்ப் பெருமை, விளையாட்டு. இந்தப் பக்கம் தட்டோடு நிற்கிறவன் அதில் தடுக்கினால் அது அவன் முட்டாள்தனம். பச்சைமுத்துவுக்கு வயிற்றில் எரிந்தது இதுதான். அன்றைக்கு அதை இப்படி வார்த்தையில் சொல்லத் தெரிந்திருக்காது. எரிந்தது மட்டும் தெரியும்.

ஐம்பத்து நாலோ ஐந்தோ, ஒரு மார்கழிக் காலை. முந்தின நாள் ஹைதராபாத் ரயிலில் ஒரு ஆஸ்திரேலியர் வந்து இறங்கியிருந்தார். நெட்டையான ஆள், வெயிலில் சுட்ட முகம், பேச்சில் வஞ்சகம் இல்லை. மேஜையில் உட்கார்ந்ததும் பச்சைமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்.

"பைக்கன் அண்ட் எக்ஸ், ப்ளீஸ்."

பேக்கன் என்றால் என்னவென்று பச்சைமுத்துவுக்குத் தெரியாமல் இல்லை. உப்புப் போட்ட பன்றி இறைச்சி. மெஸ்ஸில் மலைமலையாக வறுத்துக் குவிப்பதைப் பார்த்தவர். ஆனால் அது பேக்கன். இந்த மனிதர் சொன்னது வேறு. ரஸ்ஸல் மார்க்கெட்டில் தினமும் காதில் விழுகிற சொல், முஸ்லிம் வியாபாரிகள் கூவிக் கூவி விற்கிற சொல். பைகன், கத்திரிக்காய். துரைகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நாலு நாள் வடக்கே சுற்றினால் போதும், பானி, ஜல்தி, சாவல் என்று நாலு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து பேரரிடம் பெருமையாக அவிழ்த்துவிடுவார்கள். இவரோ ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கிறார். அங்கே கத்திரிக்காய்க்குப் பஞ்சமா?

ஆனாலும் பச்சைமுத்துவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. வாயைத் திறந்தார். கதவோரம் டென்சில் கைகளைப் பின்னால் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாய், "எஸ் சார்" என்று மூடியது.

சமையல்கட்டில் ஆதிகேசவன் கரண்டியைக் கீழே வைத்தார். "காலங்காத்தாலே கத்திரிக்காயா? நல்லாக் கேட்டியாப்பா?"

"பைகன் அண்ட் எக்ஸ். என் காதாலே கேட்டேன்."

"இன்னொரு தபா கேட்டுட்டு வாயேன்."

"நீ போய்க் கேளு. டென்சிலு கதவாண்டதான் நிக்கிறான்."

ஆதிகேசவன் போகவில்லை. நல்ல ஊதாக் கத்திரிக்காயாகப் பார்த்து வட்டம் வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகும் தூவி, நெய்யில் பொன்னிறமாக வறுத்தார். பக்கத்தில் இரண்டு முட்டை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஆஸ்திரேலியர் முள்கரண்டியால் ஒரு வட்டத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பைகன், சார்."

"ஆமாம், பைக்கன். நான் கேட்டது அதுதான். இது என்ன?"

"பைகன், சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலி அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை என்று பச்சைமுத்துவே கடைசிவரை சொல்லுவார். கத்திரிக்காயை முழுக்கச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த வாரம் ஊரைவிட்டுப் போனார். விஷயம் அங்கே முடிந்திருக்கவேண்டும்.

டென்சில் முடிய விடவில்லை. அவர் கைக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அன்று மத்தியானமே ஹாலில் சொன்னார், சாயங்காலம் வராந்தாவில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் பச்சைமுத்துவின் இங்கிலீஷ் மோசமாகிக்கொண்டே போயிற்று, டென்சிலின் இங்கிலீஷ் ஏறிக்கொண்டே போயிற்று. கதை முடிந்ததும் விரலைச் சொடுக்குவார். "பைகன், கம் ஹியர், மேன்." கதாநாயகன் தட்டோடு வந்து நிற்கவேண்டும். விருந்தாளிகள் பார்த்துச் சிரிக்கவேண்டும். அதுவும் பேரர் வேலையில் சேர்ந்தது போலாயிற்று.

ஒருநாள் சமையல்கட்டில் பச்சைமுத்து டென்சிலிடம் கேட்டேவிட்டார். "சார், என் பேரு முத்து. நீங்க வச்ச பேருதான்."

"ஜோக்குடா. ஜோக்குகூடப் புரியாதா உனக்கு?"

"துரை பேக்கனைப் பைக்கன்னு சொன்னாரு சார்."

"துரை எப்படி வேணா சொல்லுவாரு. அது அவங்க பாஷை. உனக்கு இன்னா வந்துச்சி?"

எனக்கு இன்னா வந்துச்சி. பச்சைமுத்து அதைச் சொல்லிக்கொண்டே அல்சூர் வரைக்கும் நடந்தார். எனக்குத்தானே வந்துச்சி, வேற யாருக்கு வந்துச்சி.

காய்கறி போட வருகிற வண்டிக்காரன் மூலமாகப் பேர் காம்பவுண்டைத் தாண்டியது. அல்சூருக்குள் நுழைந்தபின் அதற்குக் கால் முளைத்தது. கதை தெரிந்தவர்கள் ஒரு தடவை சிரித்துவிட்டு ஓய்ந்தார்கள். கதை தெரியாதவர்களுக்கு அது வெறும் பேராகவே ஆகிப்போயிற்று. அதுதான் இன்னும் கேவலம். கிண்டலாகக் கூப்பிட்டால் முறைக்கலாம். மரியாதையாக "வாங்க பைகன் அண்ணே" என்று பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்கிறவனை என்ன செய்வது?

வீட்டில் கத்திரிக்காய் நின்றுபோயிற்று. மனைவி பாஞ்சாலி ஒருநாள் மறந்துபோய்க் காரக்குழம்பில் போட்டுவிட்டாள். தட்டு சுவரில் போய் விழுந்தது. பாஞ்சாலி குழம்பைத் துடைக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"கத்திரிக்கா இன்னாயா பாவம் பண்ணுச்சி? திட்டினவன் அங்க கோட்டு போட்டுக்கினு நிக்கிறான். அவங்கிட்ட எஸ் சார். எங்கிட்ட தட்டா?"

அவர் ஒரு துணியை எடுத்தார். தானே உட்கார்ந்து சுவரைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கோபம் அதிகமாயிற்று, ஏனென்றால் அவள் சொன்னது நியாயம்.

மகள் சரளாவுக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் உதட்டைக் கிழித்துவிட்டாள் என்று டீச்சரம்மா ஆள் அனுப்பினார். "உங்கப்பா பேரு இன்னான்னு கேட்டான். சொன்னேன். இல்லே, பைகன்னான். மறுபடி சொன்னேன். மறுபடி பைகன்னான்" என்றாள் சரளா. மூன்றாவது தடவை அவள் வாயால் சொல்லவில்லை. டீச்சரம்மா முன்னால் பச்சைமுத்து கைகட்டி மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும் வழியில் மகளை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

வருஷங்கள் ஓடின. கிழத் துரைகள் சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் ஹோசூர் ரோட்டுக் கல்லறைக்குப் போனார்கள். அறுபத்தாறில் டென்சிலும் கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் அவருடைய தங்கை இருந்தாள், காகிதமெல்லாம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவர் வாய் ஒரு நிலையில் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் மாதிரி கேக்கைக் 'கைக்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வராந்தாவில் நடப்பார்.

"கப்பல் ஏறுமுன்னாடியே ஐயாவுக்கு வாய் கோணிக்கிச்சி" என்றார் ஆதிகேசவன்.

பச்சைமுத்து சிரிக்கவில்லை. இவருக்கு மட்டும் கைக். இவர் சொன்னால் அது பயிற்சி.

கிளம்புவதற்கு முன் டென்சில் அவரைக் கூப்பிட்டு ஒரு ஆசை காட்டினார். ஹெட் பேரர் போன மாசம் ஓய்வு பெற்றுவிட்டார், புது மானேஜரிடம் உன் பேரைச் சொல்லிவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என் வழியனுப்பு விருந்தை மட்டும் ஒழுங்காக நடத்திக் கொடு என்றார். ஹெட் பேரர் என்றால் தட்டு தூக்க வேண்டியதில்லை. பின்கட்டில் குடியிருக்க இரண்டு அறை உண்டு.

"ஒரு நாள்தானேயா" என்றாள் பாஞ்சாலி. "இத்தினி வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தாச்சி. இன்னும் ஒரு நாள் கடி. அவன் போய்த் தொலையட்டும்."

"அங்க வச்சி மறுபடி அந்தக் கதையைச் சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"கூப்புடுவான்."

"போய் நில்லு. திங்கக்கிழமை நீ ஹெட் பேரரு."

பச்சைமுத்து சரி என்றார். உண்மையாகவே நிற்பதாகத்தான் போனார்.

மத்தியான விருந்து. ஹால் நிறைந்திருந்தது. டென்சில் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் புது மானேஜர், சுற்றிலும் விருந்தாளிகள். ஆஸ்திரேலியப் பேச்சு வந்தது, கதையும் தானாக வந்தது. பச்சைமுத்து சுவரோரமாக, கோழி வறுவல் தட்டைக் கையில் ஏந்தி நின்றார். கதையில் வருகிற பேரர் இப்போது தொடைநடுங்கியாக, திக்குவாயனாக ஆகியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். டென்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலைச் சொடுக்கினார்.

"பைகன், கம் ஹியர், மேன்."

பச்சைமுத்துவின் கால் ஒரு அடி எடுத்தது. அங்கேயே நின்றது. எது நிறுத்தியது என்று பின்னால் ஆதிகேசவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாசலில் சரளாவின் கை உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான் என்பார்.

"பார்டன், சார்?"

யாரும் கவனிக்கவில்லை. டென்சில் இன்னும் சிரிப்பில்தான் இருந்தார். "பைகன். கம் ஹியர்."

"பார்டன், சார்?"

இப்போது இரண்டு மூன்று தலைகள் திரும்பின. டென்சிலின் சிரிப்பு உதட்டில் மட்டும் நின்றது. "முத்து" என்றார், பல்லுக்கு நடுவில்.

"பார்டன், சார்?"

குரலில் பணிவுக்குக் குறைச்சல் இல்லை. தலைகூடக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஸ்கான் கிழவி சாய்ப்பது போல. ஹாலில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. டென்சில் துரைகள் சொல்கிற மாதிரி நாக்கை மடித்து, "பாச்சிமூட்டு" என்றார்.

"பார்டன், சார்?"

டென்சிலின் கழுத்து சிவந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பிய்த்துக்கொண்டு வந்தது. "பச்சைமுத்து. டேய் பச்சைமுத்து. இன்னாடா, காது அவிஞ்சிப் போச்சா? தட்டை எட்தாடா இங்க."

அச்சு அசல் அல்சூர்த் தமிழ். ஒரு எழுத்து பிசகவில்லை. விருந்தாளிகள் கோழியைப் பார்க்கவில்லை, பச்சைமுத்துவைப் பார்க்கவில்லை. டென்சிலையே பார்த்தார்கள்.

"எஸ் சார்" என்றார் பச்சைமுத்து. போய் முதலில் அவருக்குத்தான் பரிமாறினார். பிறகு வரிசையாக எல்லாருக்கும்.

சமையல்கட்டுக்குள் டென்சில் வந்தபோது, பச்சைமுத்து முண்டாசையும் சிவப்புப் பட்டையையும் ஏற்கெனவே கழற்றி, ரொட்டி வெட்டும் பலகைமேல் மடித்து வைத்திருந்தார்.

"இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ளே கால் வைக்காதே."

"சரி சார்."

"என் மானத்தை வாங்கிட்டியே, முத்து."

பச்சைமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். டென்சிலின் கண் கலங்கியிருந்தது. பரிதாபப்பட்டிருக்கலாம். படவில்லை.

"பச்சைமுத்து" என்றார். பின்வாசல் வழியாக வெளியேறினார்.

அன்று பாஞ்சாலி, கைநழுவிப் போன இரண்டு அறைகளைப் பற்றி ஒரு தடவை சொன்னாள். அப்புறம், "கடைசியா ஒழுங்காச் சொன்னானா?" என்று கேட்டாள்.

"சொன்னான்."

"முழுசா?"

"முழுசா."

"ம்" என்றாள். சோற்றைப் போட்டாள்.

மறுநாள் காலை பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். காய்கறிக்கடை முனிராஜ் அல்சூருக்குப் பிழைக்க வந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும். நல்ல பையன், எப்போதும் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவான்.

"வாங்க பைகன் அண்ணே. வேலைக்குப் போகலியா இன்னிக்கு?"

பச்சைமுத்து நின்றார். "இன்னா சொன்னே?"

"வேலைக்குப் போகலியான்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"வாங்க பைகன் அண்ணேன்னேன்."

"கேக்கலே."

முனிராஜ் கொஞ்சம் குரலை உயர்த்தினான். "பைகன் அண்ணே."

"கேக்கலேப்பா."

பின்னால் கூடையோடு நின்ற பெண்பிள்ளை சலித்துக்கொண்டாள். "அவரு பேரைச் சொல்லித்தான் கூப்புடேன்பா. எனக்கு நேரமாவுது."

முனிராஜ் கையில் பிடித்திருந்த தராசு அப்படியே தொங்கியது. அவன் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே யோசித்தான். யோசித்து யோசித்து, கடைசியில் கேட்டான்.

"ஆமா, உங்க பேரு இன்னா அண்ணே?"

பச்சைமுத்துவுக்குக் காதெல்லாம் கொதித்தது. இத்தனை வருஷம் இவனிடம் காய் வாங்கியிருக்கிறோம். பேரைச் சொன்னார். அந்த நேரம் ஒரு லாரி போயிற்று.

"இன்னா?" என்றான் முனிராஜ், காதைக் கிட்டே கொண்டுவந்து.

அவர் மறுபடியும் சொன்னார்.